ரத்தம் கொடுத்தால் ஓட முடியுமா?

ஆபீஸில் ரத்ததான முகாம் என்று நோட்டீஸ் ஒட்டினால் போதும், பல பேருக்குத் திடீரென்று ஜிம் ஞாபகம் வந்துவிடுகிறது. ‘‘இல்லே சார்... நான் எக்ஸர்சைஸ் பண்றவன். ரத்தம் கொடுத்தா ஸ்டாமினா போயிடும்!’’ என்று புஜத்தைத் தடவிக்கொண்டே நழுவுகிறார்கள். இவர்களில் பாதிப் பேர் கடைசியாக ஓடியது பஸ் பிடிப்பதற்காக!

அவர்களை விடுங்கள். நிஜமாகவே விடிகாலையில் எழுந்து மெரினாவில் மூச்சிரைக்க ஓடுகிற இளைஞர்களும் இதையே கேட்கிறார்கள். அவர்களுக்கு ‘அதெல்லாம் ஒண்ணும் ஆகாது’ என்று மழுப்புவது நியாயம் இல்லை.

ஸ்டாமினா போகுமா? கொஞ்சம் போகும். ஆனால், திரும்பி வந்துவிடும்.

கணக்கைப் பார்க்கலாம். சராசரி ஆணின் உடம்பில் ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தம் ஓடுகிறது. முகாமில் எடுப்பது 350 மில்லி. எடை 55 கிலோவைத் தாண்டியவர்களிடம் 450 மில்லி வரை எடுப்பதுண்டு. இதில் பாதிக்கு மேல் பிளாஸ்மா என்ற திரவம். அது ஓரிரு நாளில் ஊறிவிடும். நன்றாகக் குடித்தால் போதும். (தண்ணீரைச் சொல்கிறேன்!)

விஷயமே சிவப்பணுக்களில்தான் இருக்கிறது. நுரையீரலில் ஆக்ஸிஜனை ஏற்றி, தசைகளில் இறக்கிவிட்டு வருகிற லாரிகள் இவை. லாரி குறைந்தது தெரிந்ததும் கிட்னி சும்மா இருப்பதில்லை. எரித்ரோபாய்ட்டின் என்ற ஹார்மோனை அனுப்பி, எலும்பு மஜ்ஜையை ஓவர்டைம் பார்க்கச் சொல்கிறது. சாதாரண நாளிலேயே விநாடிக்குச் சுமார் 20 லட்சம் சிவப்பணு தயாரிக்கிற ஃபாக்டரி அது. அப்படியும், கொடுத்தது முழுசாக ஈடாக நாலு முதல் எட்டு வாரம் ஆகும்.

அதுவரை என்ன ஆகும்? ஃபைல் தூக்க, மாடிப்படி ஏற, மானேஜரிடம் திட்டு வாங்க - எதற்கும் குறைச்சல் இருக்காது. நூறு மீட்டர் ஓட்டம், வெயிட் தூக்குவது போன்ற சில விநாடி வேலைகளுக்குத் தசையில் ஏற்கெனவே இருக்கும் சேமிப்பே பெரும்பாலும் போதும். பத்து கிலோமீட்டர் ஓட்டம், சைக்கிள், ஃபுட்பால் என்று நீண்ட நேரம் மூச்சு வாங்கும் விளையாட்டுகளில்தான் வித்தியாசம் தெரியும். வழக்கமான வேகத்திலேயே இதயம் கூடுதலாகத் துடிக்கும். முழு வேகத்தை எட்டுவது கஷ்டம். இந்தத் தொய்வு பெரும்பாலும் மூன்று, நான்கு வாரங்களில் சரியாகிவிடுகிறது.

ரத்தத்துக்கும் வேகத்துக்கும் உள்ள உறவு தில்லுமுல்லு ஆசாமிகளுக்கு எப்போதோ தெரியும். 1984 லாஸ் ஏஞ்சலீஸ் ஒலிம்பிக்ஸில் அமெரிக்க சைக்கிள் வீரர்கள் சிலர், பந்தயத்துக்கு முன் கூடுதல் ரத்தம் ஏற்றிக்கொண்டார்கள். அன்றைக்கு அதற்குத் தடை இல்லை, பிறகுதான் வந்தது. சைக்கிள் சூரர் லான்ஸ் ஆம்ஸ்ட்ராங், ரத்தம் ஏற்றிக்கொண்டதை 2013-ல் டி.வி-யில் ஒப்புக்கொண்டார். அதற்கு முந்தைய வருஷமே ஏழு டூர் டி ஃப்ரான்ஸ் பட்டங்களும் பறிபோயிருந்தன. ரத்தம் கூடினால் வேகம் கூடுகிறது என்றால், குறைந்தால் கொஞ்சம் குறையத்தானே செய்யும்?

ஓடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று, இரும்புச்சத்து. ஒருமுறை ரத்தம் கொடுத்தால் ஏறக்குறைய 150 முதல் 225 மில்லிகிராம் இரும்பு வெளியே போகிறது. சாப்பாட்டிலிருந்து உடம்பு தினமும் உறிஞ்சிக்கொள்வது ஓரிரு மில்லிகிராம்தான். அதனால்தான் இந்தியாவில் ஆண்கள் 90 நாளும், பெண்கள் 120 நாளும் இடைவெளி விட வேண்டும் என்கிறது விதி. ஹீமோகுளோபின் 12.5-க்குக் குறைந்தால் முகாமிலேயே வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள். அசைவக்காரர்களுக்கு ஆட்டு ஈரல் இருக்கிறது. சைவர்கள் கீரை, பயறுடன் எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்த்துக்கொண்டால் இரும்பு நன்றாக உடம்பில் ஒட்டும். சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் அதைக் கெடுத்துவிடும்!

ஆக, வேண்டியது காலண்டர்தான். அக்டோபர் 1 தேசியத் தன்னார்வ ரத்ததான தினம். அன்றைக்குக் கொடுத்துவிட்டால், ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானுக்கு மூன்று மாதம் இருக்கிறது. கொடுத்த நாளில் ஓட்டமும் வேண்டாம், அந்தக் கையால் பளு தூக்கவும் வேண்டாம். முதல் வாரம் மெதுவாக ஓடுங்கள். மூன்று, நான்கு வாரம் கழித்து ஸ்டாப்வாட்சை எடுங்கள்.

சரி, பந்தயத்துக்கு ரெண்டு நாள் முன்னால், ‘ஆபரேஷனுக்கு உங்க குரூப் ரத்தம் கிடைக்கலே’ என்று போன் வந்தால்?

நான் கொடுக்கிற கட்சி. ரெண்டையும் செய்வேன் என்று வீரம் காட்டாமல், அந்த வருஷ ஓட்டத்தை விட்டுவிடுவதே புத்திசாலித்தனம். பந்தயத்தில் ஓடி முடித்தால் மெடல். ரத்தம் கொடுத்தால் ஒரு பிஸ்கட் பாக்கெட், ஒரு ஜூஸ். மெடல் அடுத்த வருஷமும் கிடைக்கும் சார்... பிஸ்கட்டை வாங்கிக்கொள்ளுங்கள்!