இயந்திரம் கொடுத்தாலும் அது நமது வாக்கே

பசறை, லுணுகலை, தெமோதரைப் பக்கத் தோட்டங்களிலிருந்து பதுளைக் கடைகளுக்கு வரும் விசாரணைகள் பலவும் இப்போது வட்ஸ்அப்பிலேயே வருகின்றன. தீபாவளி முற்பணம் கிடைக்கும் வாரத்திலும் பெருநாள் காலத்திலும் பதில் சொல்லி மாளாது. ஆகவே, பல கிளைகளைக் கொண்ட நிறுவனங்கள் இவ்வேலையைச் செயற்கை நுண்ணறிவு உதவியாளரிடம் ஒப்படைக்க எண்ணுவதில் வியப்பில்லை. எதைத் தெரிவு செய்வது என்பதே கேள்வி.

விற்க வருபவர் வேகத்தையும் செலவுக் குறைப்பையும் பற்றியே பேசுவார். நாம் முதலில் கேட்க வேண்டியது, தவறான பதிலுக்கு யார் பொறுப்பு என்பதையே.

2022இல் பாட்டி மரணித்ததால் அவசரமாகப் பயணிக்க வேண்டியிருந்த ஒருவரிடம், முழுக் கட்டணம் செலுத்திய பின்னரும் 90 நாட்களுக்குள் சலுகைக்கு விண்ணப்பிக்கலாம் என எயார் கனடாவின் இணைய உதவியாளர் கூறியது. நிறுவனத்தின் விதி அதுவல்ல; பணம் மறுக்கப்பட்டது. உதவியாளரின் பதிலுக்குத் தான் பொறுப்பல்ல என்ற நிறுவனத்தின் வாதத்தை 2024 பெப்ரவரியில் தீர்ப்பாயம் நிராகரித்து, சுமார் 812 கனேடிய டொலர் செலுத்தப் பணித்தது.

சுவீடனின் கிளார்னா நிறுவனம், 700 ஊழியர்களின் வேலையைத் தனது உதவியாளர் செய்வதாக 2024இல் அறிவித்தது. 2025இல் சேவையின் தரம் குறைந்ததை அதன் தலைவர் ஏற்றுக்கொண்டு, மீண்டும் மனிதர்களைச் சேர்க்கத் தொடங்கினார்.

ஆகவே, ஒப்பந்தத்துக்கு முன் நான்கு விடயங்களைக் கவனியுங்கள்.

முதலாவது மொழி. நமது வாடிக்கையாளர்கள் தமிழை ஆங்கில எழுத்திலும் எழுதுவார்கள், சிங்களமும் கலப்பார்கள், குரல் பதிவும் அனுப்புவார்கள். உங்கள் கடைக்கு உண்மையில் வந்த நூறு கேள்விகளைக் கொடுத்துச் சோதியுங்கள்.

இரண்டாவது அதிகாரம். தெரியாதபோது ஊகிக்காமல் ஊழியரிடம் ஒப்படைக்கிறதா? தவணை, விலைக்கழிவு, உத்தரவாதம் ஆகியவற்றில் உறுதியளிக்கும் உரிமை ஊழியரிடமே இருக்கட்டும்.

மூன்றாவது கட்டணம். 2023இல் இன்டர்கொம் நிறுவனம், தீர்க்கப்படும் ஒவ்வொரு விசாரணைக்கும் 0.99 டொலர் என விலை குறித்தது. இத்தகைய கட்டணத்தை ரூபாவில் கணக்கிடுங்கள். சலித்துப் போய் விலகியவரின் கேள்வியும் 'தீர்ந்தது' எனக் கணக்கில் சேருமா என்றும் கேளுங்கள்.

நான்காவது இரகசியம். அடையாள அட்டை இலக்கம், முகவரி போன்றவை எங்கே சேமிக்கப்படுகின்றன? 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை உங்கள் சட்டத்தரணியிடம் கேட்டறியுங்கள்.

ஒரு பதிலை நம்பி, பஸ் கட்டணம் செலுத்தி, அரைநாள் சம்பளத்தை இழந்து நகருக்கு வருபவர் ஏமாந்தால், இயந்திரத்தைக் குறைகூற மாட்டார். கடையின் பெயரைத்தான் சொல்வார். வியாபாரத்தில் வாக்கு ஓர் அமானிதம். அதைக் காக்கும் கருவியையே தெரிவு செய்வோம்.