பசுமை வெளியும் எமது உடல்நலமும்

நீரிழிவு, உயர் குருதியமுக்கம், கொலஸ்ரரோல் என்று எந்த வருத்தத்துக்காக வைத்தியரிடம் போனாலும், அவர் மாத்திரைகளுடன் சேர்த்து ஒரு அறிவுரையும் தருவார். "தினமும் நடவுங்கள்" என்பதே அது. உலக சுகாதார நிறுவனமும் வளர்ந்தவர்கள் வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடங்கள் உடலை அசைக்க வேண்டும் என்கிறது. சரி, எங்கே நடப்பது? தாயகத்தில் எமக்கு முற்றம் இருந்தது, வளவு இருந்தது, வயல்வெளியும் கடற்கரையும் இருந்தன. ஜேர்மனியில் எம்மவரில் பலர் தொடர்மாடி வீடுகளில் வாழ்கின்றனர். எமக்கு முற்றமும் வளவும் ஊரின் பொதுப் பசுமை வெளிதான். அந்த வெளியில் புதிய குடியிருப்பு வரப்போகிறது என்றால், அது எமது உடல்நலத்தோடும் தொடர்புடைய விடயமாகும்.

பேர்லின் மக்கள் காத்த திடல்

பேர்லினின் ரெம்பிள்ஹோவ் விமான நிலையத்தை அறியாதவர்கள் குறைவு. 1948, 1949 ஆம் ஆண்டுகளில் மேற்கு பேர்லின் முற்றுகையிடப்பட்டபோது உணவும் நிலக்கரியும் விமானங்களில் வந்து இறங்கிய இடம் அது. 2008 ஒக்ரோபரில் இந்த நிலையம் மூடப்பட்டது. 2010 மே மாதம் அதன் ஓடுபாதைகளும் புல்வெளியும் பூங்காவாக மக்களுக்குத் திறந்துவிடப்பட்டன. சுமார் 300 ஹெக்டேர் பரப்பு. நகரின் நடுவே இவ்வளவு பெரிய திறந்த வெளி கிடைப்பது மிக அரிது. ஓடுபாதையில் பிள்ளைகள் சைக்கிள் ஓடுகிறார்கள், முதியவர்கள் நடக்கிறார்கள், புல்லுக்குள் வானம்பாடிகள் கூடு கட்டுகின்றன.

இத்திடலின் ஓரங்களில் சுமார் 4,700 வீடுகளையும் ஒரு பெரிய நூலகத்தையும் கட்ட பேர்லின் அரசு திட்டமிட்டது. நடுவிலுள்ள பெரும் பகுதி புல்வெளியாகவே இருக்கும் என்றும் அது சொன்னது. ஆனால் ஓரத்தில் தொடங்கும் கட்டடம் ஓரத்தோடு நிற்குமா, அந்த வீடுகளின் வாடகை சாதாரண மக்களுக்குக் கட்டுப்படியாகுமா என்று மக்கள் கேட்டனர். 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகமான செல்லுபடியான கையொப்பங்கள் திரட்டப்பட்டன. 2014 மே 25 அன்று நடந்த வாக்கெடுப்பில் 64 வீதத்துக்கும் அதிகமானோர், அதாவது சுமார் 7 இலட்சத்து 39 ஆயிரம் பேர், திடலை முழுமையாகக் காக்கும் சட்டத்துக்கு ஆதரவளித்தனர். 2016 இல் அகதிகளுக்குத் தற்காலிகத் தங்குமிடம் அமைப்பதற்காக அச்சட்டம் சற்றுத் திருத்தப்பட்டது. ஓரங்களிலாவது வீடு கட்ட வேண்டும் என்ற கோரிக்கை அதன் பின்னரும் அரசியலில் பலமுறை எழுந்துள்ளது.

இந்த வாக்கெடுப்பில் எம்மவர் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஜேர்மன் குடியுரிமை பெற்றவர்கள் மட்டுமே அதில் வாக்களிக்க முடிந்தது. திடலை ஒட்டியுள்ள நொய்கோல்ன் போன்ற பகுதிகளில் வாழும் வெளிநாட்டவர் பலர், தினமும் அங்கே நடந்தும் வாக்குரிமை இல்லாதிருந்தனர்.

வெறும் புல் என்ன செய்கிறது?

"சும்மா கிடக்கும் நிலம்தானே" என்று சிலர் சொல்வார்கள். அது சும்மா கிடப்பதில்லை. பகலில் சூடேறிய சீமெந்தும் தாரும் இரவு முழுவதும் வெப்பத்தை வெளியே விடுகின்றன. புல்வெளியோ சூரியன் மறைந்ததும் விரைவாகக் குளிர்கிறது. அங்கே உருவாகும் குளிர்காற்று அருகிலுள்ள தெருக்களுக்குள் மெல்லப் பாய்கிறது. அதன் வழியில் உயர்ந்த கட்டடங்கள் எழுந்தால் காற்று தடைப்படும். கிண்ணம் போன்ற பள்ளத்தில் அமைந்த ஸ்ருட்காட் நகரம் இதை முன்பே உணர்ந்தது. அங்கே மாநகரசபை 1938 ஆம் ஆண்டிலேயே வானிலை அறிஞர் ஒருவரை நியமித்தது. மலைச்சரிவுகளிலிருந்து இறங்கும் காற்றுப் பாதைகளை மறிக்காமல் கட்டடம் கட்டுவது இன்று அந்நகரின் திட்டமிடலில் முக்கிய இடம் பெறுகிறது.

வெப்பம் உயிர்களைப் பறிக்கக் கூடியது. 2018 கோடையில் ஜேர்மனியில் சுமார் 8,700 பேரும், 2022 இல் சுமார் 4,500 பேரும் வெப்பத்தால் இறந்ததாக ரொபேர்ட் கொக் நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. அவர்களில் பெரும்பாலானோர் முதியவர்கள். எண்பதுகளில் இளைஞராக இந்நாட்டுக்கு வந்த எமது தலைமுறை இப்போது அந்த வயதை நெருங்குகிறது என்பதை மறக்கக் கூடாது.

மேலும், தெற்காசிய மக்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு ஐரோப்பியரை விட இளவயதிலும், உடல் பருக்காதபோதும் வருகிறது. எனவே நடக்கும் தூரத்தில் பசுமை வெளி இருப்பது எமக்குக் கூடுதலாகத் தேவை. விற்றமின் டி குறைபாடும் அப்படித்தான். ஒக்ரோபர் முதல் மார்ச் வரை இந்நாட்டு வெயில் அதற்குப் போதாது. எமது கருநிறத் தோலுக்குக் கோடையிலும் கூடுதல் நேரம் வெளியில் நிற்க வேண்டும்.

வீடும் வேண்டாமா?

நியாயமான கேள்வி. நான்கைந்து பேருள்ள குடும்பத்துக்கு வீடு தேடி அலைந்தவர்களுக்குத் தெரியும் அதன் கஷ்டம். நெருக்கமான, பூஞ்சணம் பிடித்த வீடும் நோயைத்தான் தரும். பிறைபேர்க் நகரில் 2019 பெப்ரவரியில் இதே கேள்வி மக்கள் முன் வந்தது. டீற்றன்பாக் பகுதியின் வயல் நிலத்தில் சுமார் 15,000 பேருக்கான புதிய குடியிருப்பு வேண்டுமா, வேண்டாமா? வீடுகளில் பாதியைக் குறைந்த வாடகைக்கு ஒதுக்குவதாக நகரம் திட்டமிட்டிருந்தது. வாக்களித்தவர்களில் சுமார் 60 வீதத்தினர் வீடுகளே வேண்டும் என்றனர்.

ஆகவே வரும் திட்டங்கள் எல்லாவற்றையும் எதிர்ப்பது சரியல்ல. முதலில் எங்கே கட்டுவது என்பதே கேள்வி. கைவிடப்பட்ட படைமுகாம்கள், பழைய தொழிற்சாலை நிலங்கள், வெறுமையான அலுவலகங்கள், ஒற்றைமாடிக் கடைகளின் மேற்தளங்கள், பரந்த வாகனத் தரிப்பிடங்கள் என ஏற்கனவே சீமெந்தால் மூடப்பட்ட இடங்கள் பல உண்டு. 2000 ஆம் ஆண்டளவில் இந்நாட்டில் தினமும் சுமார் 130 ஹெக்டேர் நிலம் வீடுகளாகவும் வீதிகளாகவும் மாறியது. அண்மைய ஆண்டுகளில் அது 50 ஹெக்டேரை ஒட்டி வந்தாலும், 30 என்ற அரசின் இலக்கு இன்னும் எட்டப்படவில்லை. ஊர் எல்லையில் சுற்றாடல் ஆய்வு இன்றியே வீடு கட்ட 2017 இல் வழிவிட்ட சட்டப்பிரிவு ஐரோப்பிய சட்டத்துக்கு முரணானது என்று கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றம் 2023 ஜூலையில் தீர்ப்பளித்தது.

நாம் செய்யக்கூடியவை

* புதிய கட்டடத் திட்டம், அதாவது 'பெபவுங்ஸ்பிளான்', நிறைவேற முன்னர் அதன் வரைவு குறைந்தது ஒரு மாதம் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும். நகரசபையின் இணையத்தளத்தில் பாருங்கள்.

* அந்தக் காலத்தில் எவரும் கருத்து எழுதலாம். ஜேர்மன் கடவுச்சீட்டு தேவையில்லை, கட்டணமும் இல்லை. நகரசபை அதைப் பரிசீலித்தே ஆக வேண்டும். கடைசித் திகதியைத் தவறவிடாதீர்கள்.

* எளிய ஜேர்மன் மொழியில் எழுதினால் போதும். குளிர்காற்றுப் பாதை ஆராயப்பட்டதா, பிள்ளைகள் விளையாடும் இடம் எங்கே, மழைவெள்ளம் எங்கே வடியும், வீடுகளின் வாடகை என்ன என்று கேளுங்கள். மொழி தடையானால் இங்கு வளர்ந்த பிள்ளைகளிடம் உதவி கேளுங்கள்.

* இருக்கும் வெளியைப் பயன்படுத்துங்கள். இரவு உணவுக்குப் பின் குடும்பமாக அரை மணி நேரம் நடவுங்கள். கோடை வெப்பத்தில் காலையும் மாலையுமே நல்லது.

* உயர்ந்த புல்லுக்குள் சென்று வந்தால் உண்ணி கடித்துள்ளதா என்று பிள்ளைகளின் உடலைப் பாருங்கள். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வளையம் பரவினால் உடனே வைத்தியரைக் காணுங்கள்.

* விற்றமின் டி மாத்திரையைத் தாமாக வாங்கி அதிகமாக உட்கொள்ள வேண்டாம். வைத்தியரிடம் கேட்டு இரத்தப் பரிசோதனை செய்த பின் எடுங்கள்.

ஒருமுறை சீமெந்து போட்ட நிலத்தை மீண்டும் புல்வெளியாக்குவது மிகக் கடினம். உங்கள் ஊர் நகரசபையின் அறிவித்தலை இந்த மாதமே ஒருமுறை பார்த்துவிடுங்கள். அதைப் பார்த்துவிட்டு அப்படியே ஒரு நடையும் நடந்து வாருங்கள்.