ஒரு கிட்டார் நாதத்தின் செய்முறை

இசைத்தட்டில் கேட்கும் கிட்டார் நாதம் ஒரே இடத்தில் பிறப்பதில்லை. கம்பி, காந்தம், ஆம்ப்ளிஃபையர், ஒலிபெருக்கி, மைக், நாடா என்று பல கட்டங்களைக் கடந்தே அது காதுக்கு வருகிறது. இவற்றில் எதை மாற்றினாலும் நாதம் மாறும். உடன் வாசிப்பவருக்குக் கிடைக்கும் இடமும் மாறும். ஜான் மெக்லாஃப்லின் என்ற ஆங்கிலேயக் கிட்டார் கலைஞர் 1971 முதல் 1976 வரையில் இந்த வரிசையை ஏறக்குறைய முழுவதும் மாற்றி அமைத்தார். இடையில் அவருடைய ராக் குழு உடைந்தது. அடுத்து அவர் தொடங்கிய குழுவில் மூவர் கர்நாடக இசைக் கலைஞர்கள். அவர்களுள் மிருதங்கம் வாசித்தவர் ராம்நாட் ராகவன்.

ராம்நாட் என்றால் இராமநாதபுரம். அன்று ராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும், கடத்துக்குப் பேர்போன மானாமதுரையும் ஒன்றுபட்ட இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தன. 1985இல்தான் அம்மாவட்டம் பிரிக்கப்பட்டது. மெக்லாஃப்லினின் அந்த நாதம் எப்படி அமைந்தது என்பதையும், அதே முறையை இன்று ராஜபாளையத்து அறை ஒன்றில் எப்படிச் செய்யலாம் என்பதையும் கீழே வரிசையாகக் காணலாம்.

1. கம்பியும் காந்தமும்

மகாவிஷ்ணு ஆர்கெஸ்ட்ரா 1971இல் தொடங்கியது. ஜெரி குட்மன் வயலின், யான் ஹாமர் கீபோர்டு, ரிக் லேர்ட் பேஸ் கிட்டார், பில்லி கோபம் டிரம்ஸ். மேடையில் மெக்லாஃப்லின் பெரும்பாலும் வாசித்தது கிப்சன் ஈடிஎஸ்-1275. ஓர் உடலில் இரண்டு கழுத்துகள். ஒன்றில் 12 கம்பிகள், மற்றதில் 6.

கம்பிகளுக்கு அடியில் இருப்பது பிக்கப். காந்தத்தோடு இணைந்த இரு கம்பிச் சுருள்கள் அதில் உள்ளன. கிப்சனின் பழைய வடிவத்தில் ஒவ்வொரு சுருளும் 0.06 மில்லிமீட்டர் பருமனுள்ள செப்புக் கம்பியில் ஏறத்தாழ 5,000 சுற்றுகள் கொண்டது. எஃகுக் கம்பி அதிரும்போது காந்தப்புலம் அசைகிறது. சுருளில் சிறிய மின்னோட்டம் எழுகிறது. இரு சுருள்களும் எதிரெதிர்த் திசையில் இணைக்கப்பட்டிருப்பதால், வெளியிலிருந்து நுழையும் மின்சார இரைச்சல் ஒன்றையொன்று கழித்துக்கொள்கிறது. காந்தத் துருவங்களும் எதிரெதிராக வைக்கப்பட்டிருப்பதால் கம்பியின் ஒலி மட்டும் கூடுகிறது. மின்சாரம் அமெரிக்காவில் 60 ஹெர்ட்ஸ், நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ். இரண்டுக்கும் இந்த ஏற்பாடு பொருந்தும்.

2. ஆம்ப்ளிஃபையர்

அடுத்தது 100 வாட் மார்ஷல். அதில் நான்கு பவர் வால்வுகள்; கீழே 12 அங்குல ஒலிபெருக்கிகள் நான்கு கொண்ட பெட்டி. ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் வால்வு தன் எல்லையை எட்டுகிறது. அதற்கு மேல் அலை உயர முடியாது; முகடு தட்டையாகிறது. தட்டையான முகட்டிலிருந்து புதிய மேற்சுரங்கள் பிறக்கின்றன. ராக் கிட்டாரின் கரகரப்பு இதுதான்.

இதனால் இரண்டு விளைவுகள். சுரம் நீண்ட நேரம் நிற்கிறது, இது ஆதாயம். மெல்ல மீட்டியதும் வன்மையாக மீட்டியதும் ஒரே உயரத்துக்கு வந்துவிடுகின்றன; இது அதற்குக் கொடுக்கும் விலை. மேலும் இந்நாதம் உரத்த ஒலியளவில்தான் கிடைக்கும். 10 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் 10 டெசிபல் கூடும்; காது அதை ஏறத்தாழ இரு மடங்கு உரப்பாக உணரும். ஒருவர் இந்த அளவில் வாசித்தால் மற்றவர்களும் அதே அளவுக்கு ஏற வேண்டும். குட்மனின் வயலினும் மின்னிணைப்பு பெற்றது. ஹாமர் மினிமூக் சிந்தசைசரில் சுரத்தை வளைத்து வாசித்தபோது, கிட்டார் எது கீபோர்டு எது என்று பிரித்தறிவது கேட்பவருக்குக் கடினமாயிற்று.

3. நாடா

‘தி இன்னர் மவுன்டிங் ஃப்ளேம்’ 1971இலும் ‘பேர்ட்ஸ் ஆஃப் ஃபயர்’ 1973இலும் வெளிவந்தன. அக்காலப் பெரிய ஸ்டுடியோக்களில் இரண்டங்குல அகல நாடாவில் 16 தடங்கள் பதிவாகும். ஒவ்வொரு கருவிக்கும் தனித் தடம் உண்டு. ஒலிபெருக்கிப் பெட்டியின் துணிக்கு மிக அருகில், கூம்பின் மையத்திலிருந்து சற்று விலக்கி ஒரு டைனமிக் மைக்கை வைப்பது பொதுவான வழக்கம். மையத்தை நோக்கி வைத்தால் கூர்மை கூடும். விளிம்பை நோக்கி நகர்த்தினால் மென்மை கூடும். தடங்களைப் பின்னர் அளவு பார்த்துக் கலக்கும்போது, அறையில் ஒன்றோடொன்று மோதிய கருவிகள் இசைத்தட்டில் தனித்தனியே நிற்கின்றன.

4. பிளவு

ஒலியைத் தடம் தடமாகப் பிரித்துவிடலாம். இயற்றியவர் யார் என்ற கணக்கு அப்படிப் பிரியவில்லை. முதல் இரு இசைத்தட்டுகளிலும் உருப்படிகள் அனைத்தும் மெக்லாஃப்லின் பெயரில் வெளியாயின. 1973 ஜூனில் லண்டன் டிரைடென்ட் ஸ்டுடியோவில் மூன்றாவது ஸ்டுடியோப் பதிவு நடந்தது. அதில் ஹாமர், குட்மன், லேர்ட் ஆகியோர் இயற்றியவையும் இடம்பெற்றன. ஆனால் வேலை முடிவதற்குள் மனத்தாங்கல் முற்றியது. உறுப்பினர்கள் தம் குறைகளை இசை இதழ் ஒன்றுக்கு அளித்த பேட்டியில் வெளிப்படையாகச் சொன்னார்கள். நாடா பெட்டிக்குள் போயிற்று; அதற்குப் பதிலாக அவ்வாண்டு ஆகஸ்டில் நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் பதிவான மேடைக் கச்சேரி இசைத்தட்டாக வந்தது. 1973 டிசம்பர் முடிவில் அந்த ஐவர் அணி கலைந்தது. டிரைடென்ட் நாடா 1999இல்தான் வெளியாயிற்று.

5. வீணைப் பாடம்

அமெரிக்காவின் கனெக்டிகட் மாநிலத்திலுள்ள வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கர்நாடக இசை கற்பிக்கப்பட்டது. அங்கே இசையறிஞர் டாக்டர் எஸ். ராமநாதனிடம் மெக்லாஃப்லின் வீணை கற்றார். ராம்நாட் ராகவன் அங்கே ஆசிரியராக இருந்தார். வயலின் கலைஞர் எல். ஷங்கரும் அப்பல்கலைக்கழகத்தில் பயின்றவரே.

வீணையின் 24 மெட்டுகளும் மெழுகுப் படுகையில் உயர்ந்து நிற்கின்றன. விரலுக்குக் கீழே மரம் தட்டுவதில்லை. ஆகவே கம்பியை மெட்டின் மேலேயே பக்கவாட்டில் இழுத்துப் பல சுரங்களைத் தொடலாம். கமகம் இவ்வாறுதான் பிறக்கிறது. இதன் கணக்கு எளிது. கம்பியின் அதிர்வெண் அதன் இழுவிசையின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. சட்ஜத்திலிருந்து சதுச்ருதி ரிஷபத்துக்கு இழுக்க இழுவிசை 26 சதவீதம் கூட வேண்டும். அந்தர காந்தாரத்துக்கு 59 சதவீதம். சுத்த மத்யமத்துக்கு 78 சதவீதம். சாதாரண கிட்டாரில் விரல் நுனி மரத்தில் உராய்வதால் இவ்வளவு தூரம் இழுப்பது கடினம்.

6. விரல்பலகையைக் குடைதல்

கிப்சன் நிறுவனத்துடன் சேர்ந்து ஆபிரகாம் வெக்டர் என்ற கைவினைஞர் அமைத்த கிட்டார் இதற்கு விடையாயிற்று. மின்னிணைப்பு தேவைப்படாத, எஃகுக் கம்பி பூட்டிய கருவி அது. மெட்டுகளுக்கு இடையிலுள்ள மரம் வீணையின் பாங்கில் குழிவாகக் குடையப்பட்டிருந்தது. ஆறு கம்பிகளுக்கு அடியில், ஒலித்துளைக்கு மேலாக 45 பாகைச் சாய்வில் மேலும் ஏழு கம்பிகள். அவற்றைத் தனித்தனியே சுருதி சேர்க்கலாம். மேலேயுள்ள கம்பியில் அதே சுரம் ஒலித்தால் இவை தாமாக அதிரும்.

இதை இன்று செய்ய விரும்புபவர் அந்த ஏழு கம்பிகளைக் கையிலிருக்கும் கிட்டாரில் சேர்க்க முயலக் கூடாது. ஆறு கம்பிகளே முகப்புப் பலகையைச் சுமார் 70 கிலோ விசையுடன் இழுக்கின்றன. கூடுதல் சுமைக்கு உள்ளே கூடுதல் கட்டைகள் வேண்டும். குடைதலை மட்டும் ராஜபாளையத்துத் தச்சுப் பட்டறையின் கருவிகளைக் கொண்டே செய்யலாம். வேண்டியவை: 12 மில்லிமீட்டர் உருண்டை அரம், அரைவட்ட அரம், எஃகு அளவுகோல், ஒட்டும் காகித நாடா, 120, 220, 400, 600 எண் உப்புத்தாள்கள், மர எண்ணெய்.

முதலில் கம்பிகளைக் கழற்றி, ஒவ்வொரு மெட்டின் மீதும் காகித நாடாவை இரண்டு அடுக்காக ஒட்ட வேண்டும். விரல்பலகையின் கனத்தை அளக்க வேண்டும். வழக்கமாக அது 6 மில்லிமீட்டர். நடுவில் 1.5 மில்லிமீட்டருக்கு மேல் குடையக் கூடாது. 25.5 அங்குல நீளக் கிட்டாரில் முதல் மெட்டுக்கு முன்னுள்ள இடைவெளி 36 மில்லிமீட்டர். 11ஆம் மெட்டுக்கும் 12ஆம் மெட்டுக்கும் இடையில் 19. 19க்கும் 20க்கும் இடையில் 12. எனவே சிறிய இடைவெளியில் உருண்டை அரமும் பெரிய இடைவெளியில் அரைவட்ட அரமும் பொருந்தும்.

குறுகிய 20ஆம் மெட்டுப் பக்கத்திலிருந்து தொடங்குவது நல்லது; கை பழகும்வரை அங்கே பிசகினாலும் வாசிப்பு கெடாது. நடுக்கோட்டில் அரத்தை வைத்து, மெட்டுக்கு இணையாக முன்னோக்கி மட்டும் தள்ள வேண்டும். பத்துத் தள்ளலுக்கு ஒருமுறை நேர் அளவுகோலைக் குறுக்கே வைத்து ஆழத்தைப் பார்க்க வேண்டும். மெட்டின் அடியை ஒட்டி ஒரு மில்லிமீட்டர் மரத்தைத் தொடாமல் விட வேண்டும்; மெட்டைப் பிடித்து நிறுத்துவது அந்த மரமே. குழி அமைந்ததும் 120 தொடங்கி 600 வரை தேய்த்து, எண்ணெய் பூசி, ஓர் இரவு உலரவிட வேண்டும்.

கம்பியை மாற்றும்போது மெல்லிய வகையைப் பூட்டலாம். முதல் கம்பி 0.010 அங்குலம் போதும். விரலை அழுத்தினால் கம்பி குழிக்குள் இறங்கிச் சுரம் ஏறிவிடும். ஆகவே மெட்டைத் தொடும் அளவுக்கே அழுத்தப் பழக வேண்டும்.

7. ஷக்தி

1975 ஜூலை 5 அன்று நியூயார்க் மாநிலத்தின் லாங் ஐலண்டில், சவுத்ஹாம்ப்டன் கல்லூரியில் மெக்லாஃப்லினின் புதிய குழுவான ஷக்தியின் கச்சேரி பதிவாயிற்று. மெக்லாஃப்லினுடன் எல். ஷங்கர் வயலின், ஜாகிர் உசேன் தபலா, டி.எச். விக்கு விநாயக்ராம் கடம், ராம்நாட் ராகவன் மிருதங்கம். 100 வாட் ஆம்ப்ளிஃபையர் இல்லாததால் கடத்தின் வயிற்றில் விரல் நுனி விழுவதும் கேட்கிறது. மானாமதுரைக் கடம் சென்னைக் கடத்தைவிடத் தடித்த சுவரும் எடையும் கொண்டது. உலோகத்தைத் தட்டியதுபோன்ற கூர்மையான நாதம் அதற்கு உண்டு. அந்த வகைக் கருவிக்கு இடம் தருவது ஒலியளவு குறைந்த கிட்டாரே.

இரண்டாவது இசைத்தட்டான ‘எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் ப்யூட்டி’ ராகவன் இல்லாத நால்வர் அணியாக 1976 ஆகஸ்டில் பதிவாயிற்று. இடம், பழைய குழு மனம் கசந்த அதே டிரைடென்ட் ஸ்டுடியோ. இம்முறை பல உருப்படிகளில் மெக்லாஃப்லின், ஷங்கர் இருவர் பெயரும் சேர்ந்தே அச்சாயின. கருவிகளைப் போலவே கணக்கும் சீராயிற்று.

8. ராஜபாளையத்தில் ஓர் அறை

10 அடிக்கு 12 அடி சிமென்ட் அறை எதிரொலிக்கும். அதைக் கட்டுப்படுத்தும் பொருள் இவ்வூரிலேயே கிடைக்கிறது. 4 அடி உயரம், 2 அடி அகலம், 4 அங்குல ஆழம் கொண்ட மரச் சட்டத்தில் நூற்பாலைக் கழிவுப் பஞ்சைச் சுமார் இரண்டரை கிலோ நிரப்ப வேண்டும். பஞ்சு நாளடைவில் கீழே இறங்காதிருக்க, ஓர் அடிக்கு ஒன்றாகக் குறுக்கே சணல் கட்ட வேண்டும். மேலே அருகிலுள்ள சத்திரப்பட்டியில் நெய்யும் பேண்டேஜ் துணியை இரண்டு அடுக்காகப் போர்த்தலாம். இழைகளுக்கிடையே இடைவெளி இருப்பதால் ஒலி தடையின்றி உள்ளே நுழையும். சட்டத்தைச் சுவரிலிருந்து 4 அங்குலம் தள்ளி நிறுத்தினால் ஏறத்தாழ 430 ஹெர்ட்ஸுக்கு மேலுள்ள எதிரொலி நன்கு அடங்கும். இத்தகைய ஆறு சட்டங்கள் போதும். பஞ்சு தீப்பற்றக் கூடியது. பிளக், ஒயர் அருகே வைக்கக் கூடாது.

அடுத்தது மைக். கிட்டாரின் கழுத்து உடலோடு சேரும் இடத்துக்கு நேராக 30 சென்டிமீட்டர் தள்ளி ஒரு கண்டென்சர் மைக். ஒலித்துளைக்கு நேரே வைத்தால் 100 ஹெர்ட்ஸ் அளவில் குமுறும். கடத்துக்கு இன்னொன்று, அதே 30 சென்டிமீட்டரில். இரு மைக்குகளுக்கும் இடையே குறைந்தது 90 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். மூன்று மடங்கு தொலைவு இருந்தால் ஒன்றின் ஒலி மற்றதில் புகுந்து குழப்பாது.

கிட்டாரின் அடிக்கம்பி 82 ஹெர்ட்ஸ். எனவே 70 ஹெர்ட்ஸுக்குக் கீழுள்ளதை வடிகட்டி நீக்கினால் இசைக்கு இழப்பில்லை; ஆலை இயந்திரங்களின் தாழ்ந்த அதிர்வும் 50 ஹெர்ட்ஸ் மின் இரைச்சலும் பெருமளவு அடங்கும். அறை ஸ்ரீவில்லிபுத்தூரில் இருந்தால், ஆடிப்பூரத் திருவிழா நாட்களில் கோயிலைச் சுற்றிய தெருக்களில் ஒலிபெருக்கி ஓய்ந்த பின்னிரவே பதிவுக்கு ஏற்ற நேரம். ஏப்ரல், மே வெயிலில் மரம் வற்றி மெட்டின் முனைகள் விளிம்பில் துருத்தும். கிட்டாரை வாசிக்காத வேளையில் பெட்டிக்குள் மூடி வைக்க வேண்டும்.

பதிவை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் வைத்து, உச்ச அளவு மைனஸ் 10 டெசிபலைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசியாக ஒரு சோதனை. ஏழாம் மெட்டில் ஒரு சுரத்தைச் சட்ஜமாகக் கொண்டு மீட்டி, அந்தர காந்தாரம்வரை இழுத்து இறக்க வேண்டும். அதே நேரத்தில் கடக் கலைஞர் மெல்லிய விரலடியில் ஓர் ஆவர்த்தனம் வாசிக்க வேண்டும். அளவுக் குமிழ் எதையும் தொடாமல் இரண்டும் தெளிவாகக் கேட்டால் குழி, கம்பி, பஞ்சு, மைக் ஆகிய நான்கும் சரியாக அமைந்துவிட்டன. கேட்காவிட்டால் ஒலியளவைக் கூட்டக் கூடாது. மைக்கின் தொலைவை முதலில் அளந்து பார்க்க வேண்டும்.