மூணு அடுக்கு பேக்லிங்க்: வாய்க்கால் வெட்டினா தண்ணி வந்துடுமா?



ஃபைனல் இயர் வந்ததும் பார்ட் டைம் வேலை தேடுற எல்லாருக்கும் இந்த விளம்பரம் கண்ணில் பட்டிருக்கும்: "எஸ்.இ.ஓ. வேலை, வீட்டிலிருந்தே செய்யலாம், லிங்க் ஒன்றுக்கு இவ்வளவு ரூபாய்." அதே நேரம், புதுசா வெப்சைட் தொடங்கிய கடைக்காரர்களுக்கு வேற ஒரு விளம்பரம் போகும்: "மூன்றடுக்கு பேக்லிங்க் பேக்கேஜ், கூகுள் முதல் பக்கம் கேரண்டி." இரண்டும் ஒரே வியாபாரத்தின் இரண்டு முனைகள்தான். அதனால் இந்த அடுக்கு முறைன்னா என்ன, அது உண்மையிலேயே வேலை செய்யுமா என்று கணக்குப் போட்டே பார்த்துடலாம். பயப்பட வேண்டாம், முதல் செமஸ்டர் கணக்குக்கு மேல் எதுவும் தேவையில்லை.

பேக்லிங்க் ஏன் முக்கியம்?

ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு வரும் இணைப்புதான் பேக்லிங்க். 1998-இல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் இதை வைத்து 'பேஜ்ரேங்க்' என்ற முறையை வெளியிட்டார்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை லிங்க் வருது என்பதை மட்டும் அது எண்ணவில்லை. லிங்க் கொடுக்கும் பக்கத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதையும் சேர்த்துப் பார்த்தது. நாம் படித்த ஐகன் வெக்டர்தான் அதற்குப் பின்னால் இருக்கும் கணக்கு.

நம்ம டெல்டாக்காரங்களுக்கு இதைப் புரியவைப்பது ரொம்ப ஈஸி. மேட்டூரில் திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. அங்கிருந்து கிளை ஆறு, வாய்க்கால், கடைசியா கடைமடை வயல். ஒரு வாய்க்கால் பத்தாகப் பிரிந்தால் ஒவ்வொன்றுக்கும் பத்தில் ஒரு பங்குதான். பேஜ்ரேங்க்கும் அப்படியே: ஒரு பக்கத்தில் 10 லிங்க் இருந்தால் அதன் மதிப்பு பத்தாகப் பிரிந்து போகும்.

இதில் இன்னொரு விஷயமும் உண்டு. ஒவ்வொரு பக்கமும் தன் மதிப்பில் 85 சதவீதத்தை மட்டுமே லிங்க் வழியாக அனுப்பும். மீதி 15 சதவீதம் இணையத்தில் இருக்கும் எல்லாப் பக்கங்களுக்கும் சமமாகப் பகிரப்படும். அதை மழை என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் லிங்க் கொடுக்காத பக்கத்துக்கும் அதில் ஒரு துளி விழும். ஏமாற்று வேலை எல்லாமே இந்தத் துளியில்தான் தொடங்குது.

அடுக்கு எப்படிக் கட்டுறாங்க?

முன்னுக்குக் கொண்டுவர வேண்டிய தளம் நடுவில் இருக்கும். அதற்கு நேரடியாக லிங்க் கொடுப்பது முதல் அடுக்கு: பார்க்க நல்லாவே இருக்கும் சில கட்டுரைகள், காசு கொடுத்து வாங்கிய பதிவுகள். அந்தக் கட்டுரைகளுக்கு லிங்க் கொடுப்பது இரண்டாம் அடுக்கு: இலவசமாகத் திறக்கக்கூடிய வலைப்பூக்கள். அவற்றுக்கு லிங்க் கொடுப்பது மூன்றாம் அடுக்கு: மென்பொருள் வைத்து ஆயிரக்கணக்கில் கொட்டும் கமெண்ட்டுகள், போலி ப்ரொஃபைல்கள். குப்பையெல்லாம் கடைசி அடுக்கில் இருக்கும். நம்ம தளத்தைத் தொடுவது சுத்தமான முதல் அடுக்கு மட்டும்தான் என்பது அவர்கள் கணக்கு.

பழைய பேஜ்ரேங்க்கை மட்டும் வைத்துப் பார்த்தால், போலிப் பக்கங்களைக் குவிப்பது வேலை செய்யும் என்பதையும் நேர்மையா சொல்லணும். சென்னை ஐஐடியில் படித்த ஆனந்த் ராஜாராமனும் ஸ்டான்ஃபோர்ட் பேராசிரியர் ஜெஃப்ரி உல்மனும் எழுதிய 'மைனிங் ஆஃப் மாசிவ் டேட்டாசெட்ஸ்' 2011-இல் வெளிவந்தது. இதற்கான கணக்கு அதிலேயே இருக்கு. ஒரு தளம் பல போலிப் பக்கங்களை உருவாக்கி, அவற்றோடு இரு பக்கமும் லிங்க் வைத்துக்கொண்டால், வெளியிலிருந்து வரும் மதிப்பு சுமார் 3.6 மடங்காகப் பெருகும். கூடவே, போலிப் பக்கங்கள் மொத்த இணையத்தில் எவ்வளவு பங்கோ, அதில் 46 சதவீதமும் சேரும். இணையத்தில் 100 கோடி பக்கம் இருக்குன்னு வைத்துக்கொள்வோம். 10,000 போலிப் பக்கம் போட்டால், ஒரு சராசரிப் பக்கத்தைப் போல 4,600 மடங்கு மதிப்பு கிடைக்கும்! பத்தாயிரம் ஓட்டுக்கூரையில் விழும் மழையை ஒரே தொட்டியில் பிடிக்கிற மாதிரி.

அப்படின்னா அடுக்கு எதுக்கு? இங்கேதான் ஒரு வேடிக்கை. ஒவ்வொரு அடுக்கைத் தாண்டும்போதும் 85 சதவீதம்தான் மிஞ்சும். நேரடியாக லிங்க் கொடுத்தால் 0.85. மூன்று அடுக்கு தாண்டி வந்தால் 0.85 × 0.85 × 0.85, அதாவது கிட்டத்தட்ட 0.61. அடுக்கு கூடக் கூடத் தண்ணி குறையத்தான் செய்யுது. ஆக, அடுக்கு என்பது பலத்துக்காக இல்லை, ஒளிப்பதற்காக. நேரடியா வைத்தால் மாட்டிக்குவோம் என்ற பயம்தான் காரணம்.

மாட்டினால் என்ன ஆகும்?

அமெரிக்காவின் ஜே.சி.பென்னி பெரிய கடை. துணி, மெத்தை விரிப்பு, ஃபர்னிச்சர் என்று எதைத் தேடினாலும் கூகுளில் முதலில் வந்துகொண்டிருந்தது. சம்பந்தமே இல்லாத ஆயிரக்கணக்கான பக்கங்களில் அதற்கு லிங்க் வைக்கப்பட்டிருந்ததை 2011 பிப்ரவரியில் நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டது. இது மூன்றடுக்கு இல்லை, நேரடி லிங்க்தான். பிப்ரவரி 1 அன்று 59 தேடல் சொற்களுக்கு அதன் சராசரி இடம் 1.3. பிப்ரவரி 10 அன்று 52. அந்த லிங்க் எதுவும் எங்களுக்குத் தெரியாது என்றது நிறுவனம். இடம் இறங்கினது இறங்கினதுதான். கூகுள் தன் சொந்தப் பொருளையும் விடலை: காசு கொடுத்து எழுதிய பதிவுகளில் லிங்க் இருந்ததால், 2012 ஜனவரியில் குரோம் பக்கத்தையே 60 நாளுக்குக் கீழே இறக்கியது.

சரி, ஒளித்து வைத்த அடுக்கைக் கணினி எப்படிக் கண்டுபிடிக்கும்? 2004-இல் 'டிரஸ்ட்ரேங்க்' என்ற ஆய்வுக்கட்டுரை வந்தது. யோசனை ரொம்ப எளிமை: மழையை எல்லாப் பக்கத்துக்கும் பெய்ய விடாதே. மனிதர்கள் பார்த்து நல்லது என்று தேர்ந்தெடுத்த தளங்களில் மட்டும் பெய்யட்டும். அதாவது தண்ணீர் மேட்டூரிலிருந்து மட்டும்தான் வரணும். பிறகு ஒவ்வொரு வாய்க்காலிலும் மொத்தம் எவ்வளவு ஓடுது, அதில் மேட்டூர் தண்ணி எவ்வளவு என்று ஒப்பிடு. மொத்தம் நிறைய, மேட்டூர் பங்கு பூஜ்யம் என்றால் அது போலி வாய்க்கால். நீங்க 3 அடுக்கு கட்டினாலும் 30 கட்டினாலும் பூஜ்யத்தைப் பூஜ்யமாகத்தான் கடத்தும்.

இன்றைக்குக் கூகுளுக்குள் ஓடும் சூத்திரத்தை அவர்கள் முழுசா வெளியிடுவதில்லை. ஆனால் போன திசை தெரியும். 2012 ஏப்ரல் 24 அன்று 'பெங்குவின்' வந்தது, போலி லிங்க் வைத்த தளங்களை இறக்கியது. 2016-இல் அது உடனுக்குடன் இயங்கும் பகுதியாக மாறி, போலி லிங்க்கைப் பெரும்பாலும் மதிப்பில்லாமல் ஆக்கத் தொடங்கியது. 2022 டிசம்பரில் 'ஸ்பேம்பிரெயின்' என்ற இயந்திரக் கற்றல் அமைப்பையும் லிங்க் விஷயத்தில் இறக்கினார்கள். லிங்க் வாங்கும் தளம் மட்டுமில்லை, விற்பதற்காகவே நடத்தும் தளத்தையும் அது தேடும். முதல் அடுக்கு அங்கேயே உடைந்து போகும்.

நமக்கு இதில் என்ன?

பெரிய நிறுவனம் தண்டனை வாங்கினால் டிவி விளம்பரம் போட்டு சமாளிக்கும். திருத்துறைப்பூண்டியில் மாப்பிள்ளைச் சம்பா அரிசி விற்கும் ஒருவருக்கு அந்த ஒரு தளம்தான் கடை. பேக்கேஜ் வாங்கினால் இரண்டில் ஒன்று நடக்கும். லிங்க் எல்லாம் மதிப்பில்லாமல் போய் காசு வீணாகும். இல்லைன்னா தளமே தேடலில் காணாமல் போகும். மூன்றாம் அடுக்கு லிங்க்குகள் விழுவதும் யாரோ ஒருத்தரின் கமெண்ட் பெட்டியில், யாரோ ஒருத்தரின் ஹேக் செய்யப்பட்ட தளத்தில்தான். அடுத்தவர் மதகை உடைத்துத் தண்ணி எடுக்கிற வேலை அது. அதற்குத்தான் லிங்க் ஒன்றுக்கு இவ்வளவு என்று நமக்குக் கூலி.

நேர்வழியிலும் அடுக்கு உருவாகும், தானாகவே. அதே அரிசிக்காரர் எந்த ரகத்தை எந்தப் பட்டத்தில் விதைக்கணும், சோறு வடிக்க எவ்வளவு நேரம் ஊறணும் என்று தன் அனுபவத்தை எழுதினால், ஒரு சமையல் தளம் அதைச் சுட்டும். அந்தச் சமையல் தளத்தை ஒரு நாளிதழ் சுட்டும். ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் தொடங்கிவைத்த நெல் திருவிழாவில் கலந்துகொண்டால், அதைப் பற்றிய செய்தியிலும் பெயர் வரும். இதுவும் முதல் அடுக்கு, இரண்டாம் அடுக்குதான். ஆனால் ஒவ்வொரு லிங்க்கையும் படித்துப் பார்த்த ஒரு மனுஷன் முடிவு பண்ணி வைத்திருக்கான். விளம்பரத்துக்குக் காசு கொடுப்பதும் தப்பில்லை, அந்த லிங்க்கில் 'ஸ்பான்சர்ட்' அல்லது 'நோஃபாலோ' என்ற குறி இருந்தால் போதும்.

அதனால் எஸ்.இ.ஓ. வேலைக்குச் சேரும் முன் மூணே கேள்வி கேளுங்க. நான் லிங்க் வைக்கப்போற தளம் யாருடையது? அவருக்குத் தெரியுமா? கூகுளே இல்லைன்னாலும் அந்த லிங்க்கை யாராவது கிளிக் பண்ணுவாங்களா? பதில் வரலைன்னா வேற வேலை பார்ப்பது நல்லது.

நம்பிக்கை இல்லாதவங்க பைத்தானில் 'நெட்வொர்க்எக்ஸ்' போட்டு 50 பக்கங்களோடு ஒரு குட்டி இணையம் கட்டிப் பாருங்க. முதலில் சாதாரண பேஜ்ரேங்க் ஓட்டுங்க, பிறகு மழையை இரண்டே இரண்டு நல்ல பக்கங்களுக்கு மட்டும் கொடுத்து ஓட்டுங்க. உங்க மூன்றடுக்குக் கோட்டை எப்படி வறண்டு போகுதுன்னு திரையிலேயே தெரியும். மினி ப்ராஜெக்ட்டுக்கும் ஆச்சு!