இல்லத்தில் ஒரு சிறு கடல்

பாலக்காட்டில் வாழ்வோர் கடலைக் காண வேண்டுமாயின் பொன்னானிக் கரைவரை செல்லுதல் வேண்டும். மூணாறு, தேவிகுளம், பீர்மேடு முதலிய மலைகளில் வாழும் தமிழருக்கோ அது இன்னும் நெடுந்தொலைவு. ஆயினும், மலம்புழையில் மீன் வடிவில் எழுப்பப்பட்டுள்ள காட்சிச்சாலையைக் கண்டு திரும்பும் சிறுவர், வீட்டிலும் மீன் வேண்டுமென்று கேட்பது இயல்பே. நன்னீர் மீனாயின் தொல்லை குறைவு. கடல்மீனும் பவளமும் வேண்டுமென்று கேட்டால்தான் பெற்றோர் சிறிது சிந்திக்க நேரிடும்.

சென்னைக் கடற்கரையில் 1909 ஆம் ஆண்டு திறக்கப்பெற்று, இரண்டாம் உலகப் போரின்போது மூடப்பட்ட மீன் காட்சிச்சாலையைப் பற்றி முதியோர் சொல்லக் கேட்ட நேயர்கள் சிலர் இருக்கலாம். அதற்குக் கடல் வாயிலிலேயே இருந்தது. மலைநாட்டிலோ கடலை உப்பிலிருந்து நாமே ஆக்கிக்கொள்ள வேண்டும்.

இங்கேதான் பலர் இடறுகின்றனர். தூத்துக்குடி உப்பை நீரில் கரைத்தால் கடல்நீர் ஆகிவிடாதோ எனக் கேட்பர். ஆகாது. ஒரு லிட்டர் கடல்நீரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் உள்ளன. அவற்றுள் 30 கிராம் அளவு சோடியமும் குளோரைடும். எஞ்சியவற்றுள் சல்பேட் 2.7 கிராம், மக்னீசியம் 1.3 கிராம், கால்சியமும் பொட்டாசியமும் தனித்தனியே 0.4 கிராம் அளவு. உப்பளத்தில் சமையலுப்புப் படிந்த பின்னர், மக்னீசியம் மிகுந்த கசப்பு நீரை வடித்துவிடுகின்றனர். உணவுக்கு அது நன்மை. மீனுக்கோ கடலில் ஒரு பகுதி காணாமற்போய்விடுகிறது. ஆதலின், கடல்நீரின் அளவுப்படி எல்லா உப்புக்களையும் கலந்து விற்கும் செயற்கைக் கடலுப்பையே வாங்குதல் வேண்டும். கரைக்கும் நீரும் தூயதாயிருத்தல் வேண்டும். சிற்றூர்க் கிணற்று நீரும், குளோரின் இட்ட குழாய் நீரும் அப்படியே உதவா, ஆர்.ஓ. கருவியில் வடித்த நீரே ஏற்றது.

நீர் ஆயத்தமானவுடன் மீனை விட்டால், சில நாட்களில் அது மடியும். மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு தோன்றுகிறது. அதனை ஒருவகை நுண்ணுயிர்கள் நைட்ரைட் ஆக மாற்றும், அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதனை நைட்ரேட் ஆக்கும். அது அத்துணைக் கேடு விளைவிப்பதன்று, அவ்வப்போது நீரில் ஒரு பகுதியை மாற்றினால் குறைந்துவிடும். இந்நுண்ணுயிர்கள் கல்லிலும் மணலிலும் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதுவரை மீனில்லாத தொட்டியைப் பார்த்துக்கொண்டிருப்பதற்குத்தான் பணத்தைவிடப் பொறுமை மிகுதியாக வேண்டும்.

உஷ்ணநிலை 25 அல்லது 26 டிகிரி அளவில் நிற்றல் நன்று. மூணாற்றின் மார்கழிக் குளிரில் நீரைச் சூடாக்கும் கருவி இன்றியமையாதது. பாலக்காட்டின் பங்குனி வெயிலிலோ நீரைக் குளிர்விக்க வேண்டிவரும். கணவாய் வழியே வீசும் வறண்ட காற்றில் தொட்டிநீர் விரைந்து ஆவியாகும். ஆவியாவது நீர் மட்டுமே. உப்பு உள்ளேயே தங்கிவிடும். ஆகவே குறைந்த அளவை நன்னீரால் நிரப்புக. உப்புநீர் ஊற்றினால் உப்பு நாள்தோறும் ஏறும்.

இனிப் பவளம். நகைக்கடையில் காணும் செம்பவளம் வேறு. பாறை கட்டும் பவளம் வேறு. பின்னது செடியுமன்று, கல்லுமன்று. மிகச் சிறிய உயிர்கள் கூட்டமாக வாழ்ந்து, கடல்நீரின் கால்சியத்தைக் கொண்டு தமக்கு வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, சூரிய ஒளியில் உணவாக்கி வாடகைபோல் ஒரு பங்கைத் தருகின்றன. நீர் சிறிது மிகுதியாகச் சூடேறினால் பாசிகள் வெளியேற, பவளம் வெளிறி, பட்டினியால் மடிகிறது. மன்னார் வளைகுடாவில் 2010 ஆம் ஆண்டிலும் 2016 ஆம் ஆண்டிலும் இது நேர்ந்தது. முன்னர்ச் சுண்ணாம்புக்காகவும் அங்கே பவளப்பாறைகளைப் பெயர்த்தெடுத்தனர். 21 தீவுகளைச் சூழ்ந்த அக்கடற்பகுதி 1986 ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது.

இதனினும் முக்கியமானதொரு செய்தியுண்டு. பாறை கட்டும் பவளங்கள் யாவும் 2001 ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. புலிக்குரிய காப்பே பவளத்துக்கும் என்பதைப் பலர் அறியார். நம் கடலிலிருந்து அதனை எடுப்பதும், விற்பதும், வாங்குவதும் குற்றம். தண்டனை மூன்றாண்டுக்குக் குறையாத சிறை. உயிருள்ள பவளத்துக்கு மட்டுமன்று, இறந்த பவளக்கல்லுக்கும் இது பொருந்தும். கடைக்காரர் 'உயிர்ப்பாறை' என்று இனிய பெயரிட்டுத் தரும் கல் பெரும்பாலும் பழைய பவளமே. பெயரைக் கேட்டு மயங்காது, அஃது எங்கிருந்து வந்ததென்று கேளுங்கள். வெளிநாட்டிலிருந்து வந்ததெனின், அதற்குரிய இறக்குமதி அனுமதிப் பத்திரத்தைக் காட்டச் சொல்லுங்கள். இரண்டுக்கும் விடையில்லாவிடில் திரும்பிவிடுவதே தக்கது.

பவளமின்றித் தொட்டி வெறுமையாகிவிடுமோ என அஞ்ச வேண்டுவதில்லை. சுட்ட மண்ணாலான துளைக்கற்கள் நுண்ணுயிர்கள் குடியேறப் போதும். மீனுக்குக் கோமாளி மீனையே யான் பரிந்துரைப்பேன். 1947 ஆம் ஆண்டு தொடங்கப்பெற்று, பல்லாண்டு மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்து, இன்று கொச்சியிலிருந்து இயங்கும் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம், இம்மீனைப் பொரிப்பகத்திலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை வகுத்துள்ளது. கடலில் இது கடற்சாமந்தியின் கொடுக்குகளிடையே ஒளிந்து வாழும். தொட்டியில் அஃதின்றியும் வாழும்.

இதன் குடும்ப வாழ்க்கை விந்தையானது. பிறக்கும்போது எல்லாம் ஆணாகும் இயல்புடையன. கூட்டத்தில் பெரியதே பெண். அது மடிந்தால், அதன் துணையான ஆண் பெண்ணாக மாறும். ஆகவே சிறியதும் பெரியதுமாக இரண்டு வாங்கினால் நாளடைவில் இணையாகிவிடும். கல்லின்மேல் முட்டையிட்ட பின் தந்தை மீனே வாயாலும் துடுப்பாலும் காத்து நிற்கும். ஏறத்தாழ ஒரு வாரத்தில் இரவில் குஞ்சு பொரியும். அக்குஞ்சின் வாய்க்குள் நுழையத்தக்க மிகச் சிறு உயிருணவைத் தனியே வளர்த்துத் தர வேண்டியிருப்பதால், வீட்டில் குஞ்சுகளைக் காப்பாற்றுவோர் மிகச் சிலரே.

மழைக்காலத்தில் மின்சாரம் நெடுநேரம் நின்றுபோகும் மலையூர்களில், மின்கலத்தால் இயங்கும் காற்றுக் குழல் ஒன்றை முதல் நாளே வாங்கி வைத்துவிடுக.