விமானச் சிற்பி ஜெப்ரி டி ஹவிலன்ட்

1909 ஆம் ஆண்டு மார்கழியில், இங்கிலாந்தின் ஹாம்ஷயர்ப் பகுதியிலுள்ள 'செவன் பரோஸ்' என்னுமிடத்திலே, குருவானவர் ஒருவரின் மைந்தரான ஜெப்ரி டி ஹவிலன்ட் தாமே ஆக்கிய விமானத்தில் ஏறினார். பாட்டனார் கொடுத்துதவிய 1,000 பவுணே முதல். சிறகுத் துணியைத் தைத்தவர் மனைவியார். சரிவிலே ஓடி எழுந்த விமானம் சிறிது தூரத்திற் சிறகு முறிந்து வீழ்ந்தது. தேர்ந்தெடுத்த மரம் வலிமை போதாததே காரணம். தப்பிய அவர், சிதைவினின்று எஞ்சினை மாத்திரம் மீட்டு, அதனைச் சுற்றிப் புதியதொரு விமானத்தை அமைத்தார். அது 1910 புரட்டாதியிற் பறந்தது. அரசாங்கம் 400 பவுணுக்கு அதனை வாங்கியதோடு அவரையும் சேவையில் அமர்த்திற்று.

1920 இல் தம் பெயரிலேயே கொம்பனி ஒன்றை நிறுவினார். பூச்சியினங்களை ஆராய்வதில் அவருக்குப் பெருவிருப்பு. ஆதலின் 1925 இல் வெளிவந்த சிறு விமானத்திற்கு 'மொத்', அஃதாவது அந்துப்பூச்சி, எனப் பெயரிட்டார். யுத்தத்தில் மிஞ்சிய எட்டுச் சிலிண்டர் எஞ்சினைப் பாதியாக்கிய அமைப்பே அதனை இயக்கியது. சிறகுகளை மடித்துக் கொட்டகையில் வைக்கலாம். செல்வரல்லாதாரும் பறத்தல் கூடும் என்னும் நிலை அதனால் உண்டாயிற்று. 1932 இல் ஜே. ஆர். டி. டாட்டா கராச்சியிலிருந்து பம்பாய்க்கு அஞ்சல் கொணர்ந்ததும் இவ்வினத்துப் 'புஸ் மொத்' விமானத்திலேயே.

உலோகமே உயர்வெனப் பிறர் கருதிய காலத்தில், அவர் மரத்தாலான 'மொஸ்கிற்றோ'வை ஆக்கினார். தளபாடம் செய்யும் தச்சரும் அப்பணியிற் பங்குகொண்டனர். 1940 இல் அதனை முதலிற் பறக்கவிட்டவர் மூத்த மைந்தர் ஜெப்ரி. இளைய மைந்தர் ஜோன் 1943 இல் மொஸ்கிற்றோ விமானங்கள் இரண்டு வானில் மோதியபோது இறந்தார். மூத்தவரும் 1946 இல் வாலில்லாத பரிசோதனை விமானமொன்று வானிற் சிதறியபோது உயிர்நீத்தார். தந்தையார் தொழிலை விட்டாரல்லர்.

1949 இற் பறந்த 'கொமெற்' உலகின் முதலாவது ஜெற் பிரயாணி விமானம். 1952 ஆவணியில் இலண்டன்-கொழும்புச் சேவையிலும் அது ஈடுபட்டது. ஆயின் 1954 தையிலும் சித்திரையிலும் இரு கொமெற்றுகள் இத்தாலிக் கடலில் வீழ்ந்தன. பான்பரோ ஆய்வாளர் மற்றொரு கொமெற்றின் உடலை நீர்த்தொட்டியில் அமிழ்த்தி, உள்ளே அழுத்தத்தை மீண்டும் மீண்டும் ஏற்றி இறக்கினர். மேலே எழுந்தோறும் விமானவுடல் சிறிது வீங்கும், இறங்கியபின் சுருங்கும். கம்பியொன்றைப் பலமுறை வளைத்தால் அது ஒடிவதுபோல, உலோகமும் களைத்துப் பிளக்கும். பழைய பறப்புகளையும் சேர்த்து ஏறத்தாழ 3,000 முறைக்குப் பின் திறப்பொன்றின் மூலையிலே அவ்வுடல் கிழிந்தது. இவ்வுண்மை மறைக்கப்படவில்லை, போட்டியாளரும் அதனாற் பயனடைந்தனர்.

திருத்தியமைத்த கொமெற் 4, 1958 ஒக்ரோபர் 4 இல் அத்திலாந்திக்கைக் கடக்கும் முதலாவது ஜெற் பிரயாணி சேவையைத் தொடக்கியது. மூன்று வாரம் கழித்து, மிகுதியான பிரயாணிகளை ஏற்றவல்ல அமெரிக்கரின் போயிங் 707 அவ்வழியே வந்தது. டி ஹவிலன்ட் 1965 இற் காலமானார்.