பழைய ரைபிளும் புதிய மெருகும்

போர் ஓய்ந்தபின் படைகளுக்கு வேண்டாதனவாகும் பண்டங்களுள் நெடுநாள் நிலைத்து நிற்பது ரைபிளே. கூடாரத் துணி மட்கிவிடும். லாரி பத்தாண்டுகளில் பழைய இரும்பாகிவிடும். கிரீஸ் பூசிப் பெட்டியில் அடைத்து வைத்த ரைபிளோ நூறாண்டு கழிந்தாலும் கெடுவதில்லை. ஆகவே இரண்டாம் உலகப் போர் முடிந்ததும், பல நாட்டுக் கிடங்குகளிலிருந்து உபரி ரைபிள்கள் கப்பல் கப்பலாக அமெரிக்கச் சந்தைக்குச் சென்றன. தபாலில் பணம் அனுப்பினால் ரைபிள் வீடு தேடி வந்த காலம் அது. ஜனாதிபதி கென்னடியைக் கொல்ல 1963-இல் உபயோகிக்கப்பட்டதும் இவ்வாறு தபாலில் வாங்கிய இத்தாலியச் சேனையின் பழைய ரைபிளே; தொலைநோக்கியோடு சேர்த்து அதன் விலை 19 டாலர் 95 சென்ட். பின்னர் 1968-ஆம் ஆண்டின் சட்டம் அத்தகைய தபால் விற்பனையையும் உபரி ராணுவ ரைபிள்களின் இறக்குமதியையும் தடுத்தது. பழம்பொருள் என்னும் வகையில் சேர்ந்தவற்றுக்கு மட்டும் 1980-களில் வழி திறக்கப்பட்டது.

மலிவாகக் கிடைத்த பொருளை மனிதன் மதிப்பதில்லை. வாங்கியவர்கள் பெரும்பாலும் மான் வேட்டைக்காரர்கள். அவர்கள் முன்கட்டையை அறுத்தனர், குழலைக் குறுக்கினர், எஞ்சியதைத் தேய்த்துப் பளபளப்பாக்கினர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. அன்று அது கருவி, பழம்பொருளன்று. இன்று நிலை வேறு. ஆலையிலிருந்து வந்தபடியே தப்பிய ரைபிள்கள் அருகிவிட்டன. அவற்றைச் சேகரிப்போர் பெருகிவிட்டனர். கீறலும் கறையும் படிந்த, ஆனால் எவரும் கைவைக்காத ரைபிளுக்கு, புதிய மெருகேறிய ரைபிளைக் காட்டிலும் மிகுந்த விலை கிடைக்கிறது. விலை ஒருபுறம் இருக்கட்டும். மெருகேற்றுவதால் உண்மையில் அழிவது யாது என்பதே நாம் காண வேண்டியது.

நம் நாட்டு ரைபிள் ஒன்றையே எடுத்துக்கொள்வோம். கொல்கத்தாவுக்கு வடக்கே ஹூக்ளி நதிக்கரையிலுள்ள இஷாப்பூர் ஆலையில், .303 அங்குலத் துளையுடைய லீ-என்பீல்டு ரைபிள்கள் பல்லாண்டுகள் செய்யப்பட்டன. அத்தகையதொன்றைக் கையிலெடுத்துப் போல்ட்டின் பிடிக்குக் கீழுள்ள இரும்புப் பகுதியைப் பாருங்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் செய்ததாயின் ஒரு மணிமுடியும், மன்னர் ஜார்ஜைக் குறிக்கும் ஜி.ஆர்.ஐ. என்ற எழுத்துக்களும், இஷாப்பூர் என்ற பெயரும், ஆண்டும் பொறித்திருக்கும். விடுதலைக்குப் பின் செய்தவற்றில் முடி மறைந்து அசோகரின் சிங்கச் சின்னம் அவ்விடத்தைப் பெறுகிறது. ஓர் அரசு போய் மற்றோர் அரசு வந்த வரலாறு அரை விரற்கடை இரும்பில் அடங்கிவிட்டது! அதே ரைபிளில், கட்டையை வலுப்படுத்த முன்கட்டையின் குறுக்கே செலுத்திய திருகாணியைக் காணலாம். இஃது இந்தியக் கைவேலையின் அடையாளம். முதல் உலகப் போருக்கு முற்பட்டதாயின், பின்கட்டையில் ஒரு பித்தளை வில்லையும் அதில் ரெஜிமென்ட்டின் பெயர்க் குறிப்பும் இருக்கலாம். சில ரைபிள்களின் முன்பாகத்தில் செப்புக் கம்பி வரிந்து சுற்றியிருப்பர். குழலின் நுனியில் கிண்ணம் போன்ற கருவியைப் பொருத்திக் கைக்குண்டு வீசுவதற்கு ஒதுக்கிய ரைபிள்கள் அவை. குழலோ கட்டையோ பிளந்தால் வீரனுக்குக் காயம் நேராதிருக்கவே அந்தக் கட்டு. இதனை அறியாதவர் அசிங்கமென்று கருதி முதற்காரியமாக அக்கம்பியை அறுத்தெறிவார்.

இனி மெருகிடும் முறையைக் கவனிப்போம். ரைபிளின் இரும்பு கறுநீலமாகத் தோன்றுவதற்குக் காரணம் வர்ணமன்று. அதுவும் ஒருவகைத் துருவே. சிவந்த துரு இரும்பைத் தின்னும். காந்தத் தன்மையுள்ள கருந்துருவோ மெல்லிய போர்வையாகப் படிந்து எண்ணெயைத் தன்னிடம் இருத்திக்கொள்ளும். முற்காலத்தில் அமிலநீர் தடவி மெல்லத் துருவேற்றி, கொதிநீரிலிட்டுக் கறுக்கச் செய்து, மேற்பொடியைத் துடைத்தெடுப்பர். பன்முறை இவ்வாறு செய்ய வேண்டும். இப்பொழுது காஸ்டிக் சோடாவும் நைட்ரேட் உப்பும் கலந்த கரைசலை 140 டிகிரி சென்டிகிரேடு அளவிற்குச் சூடாக்கி, அதில் உறுப்புக்களை மூழ்கவிட்டால் சிறிது நேரத்தில் வேலை முடிந்துவிடுகிறது. தீங்கு இந்தக் கரைசலில் இல்லை. அதற்கு முன் நடைபெறும் தேய்ப்பில்தான் இருக்கிறது. சுழலும் துணிச்சக்கரத்தில் வைத்துத் தேய்க்கையில் கூரிய விளிம்புகள் மழுங்குகின்றன. திருகாணித் துளைகளின் வாய் குழிகின்றது. பொறிப்புக்கள் பாதி மறைகின்றன. கட்டையில் உப்புத்தாளை ஓட்டினால் பரிசோதகரின் முத்திரை முதலில் போய்விடும்; பிறகு மரம் இரும்பினும் தாழ்ந்து நிற்கும். செப்புப் பட்டயத்தைப் புளியிட்டுத் தேய்தேயென்று தேய்த்து எழுத்தை அழித்துவிட்டு, எவ்வளவு பளபளக்கிறது பாருங்கள் என்று காட்டுவது போன்றதே இது.

அங்ஙனமாயின் எந்த ரைபிளையும் எவரும் தொடலாகாதா? இங்குதான் சிக்கல் எழுகிறது. ஆதி நிலையில் இருப்பதாக நாம் எண்ணும் ரைபிள்களிற் பல, சேனையிலேயே ஒன்றிரண்டு முறை புதுப்பிக்கப்பட்டவை. எஃப்.டி.ஆர். என்ற எழுத்துக்களும் ஆண்டும் பொறித்திருந்தால், ஆலையில் அது முற்றிலும் செப்பனிடப்பட்டது என்று பொருள். பழைய கட்டையில் தேய்ந்த இடத்தைச் செதுக்கி, புதிய மரத்துண்டை ஒட்டிய தழும்பை அவற்றிற் காணலாம். ரஷ்யாவிலும் இவ்வாறே. போருக்குப் பின் சோவியத் கிடங்குகளில் மோசின்-நாகன் ரைபிள்களைப் பிரித்துச் செப்பனிட்டு, எண்களைப் புதிதாக இட்டு, கட்டைக்கு அரக்கு மெருகு பூசி அடுக்கினர். ஜெர்மானியரிடமிருந்து கைப்பற்றிய மாசர் ரைபிள்களும் அங்கே அதே சிகிச்சை பெற்றன. இன்று அவற்றை வாங்கும் சிலர், இந்த அரக்கு பிற்காலத்தது என்று கூறி அதைச் சுரண்டிவிட்டு எண்ணெய் பூசுகின்றனர். 1945-இல் இருந்த தோற்றத்தை மீட்டுவிட்டதாக அவர்களுக்கு மகிழ்ச்சி. எம்முடைய அபிப்பிராயத்தில் அது மீட்பன்று, ஒரு புனைவு. கிடங்கில் பூசிய அரக்கும் அந்த ரைபிளின் வாழ்க்கையில் நிகழ்ந்த ஒன்றே. சேனை தன் தேவைக்காகச் செய்த மாற்றத்தைக் காக்க வேண்டும். பிற்காலத்தில் அழகு கருதிச் செய்யும் மாற்றத்தைத் தவிர்க்க வேண்டும். எல்லைக்கோட்டை இவ்வாறு வகுப்பதே தக்கதாகத் தோன்றுகிறது.

எனினும் அழுக்கையே பழமை என்று போற்றுவோரோடு நாம் உடன்படுவதற்கில்லை. 2003-இல் காத்மாண்டு நகரில் பழைய அரண்மனை ஒன்றில் கிடந்த பல்லாயிரம் துப்பாக்கிகளை அமெரிக்க வணிகர்கள் வாங்கிச் சென்றனர். மார்ட்டினி-ஹென்றி ரைபிள்களும் நேபாளத்திலேயே செய்த கஹேந்திர ரைபிள்களும் அவற்றில் அடங்கும். தலைமுறைத் தூசும் இறுகிய கிரீஸும் அவற்றின் மேல் படிந்திருந்தன. சிலவற்றைத் துலக்கியும், சிலவற்றைத் தொடாமலும் விற்றனர். இறுகிய கிரீஸை மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் மெல்லக் கரைத்து எடுப்பதனால் ஒரு பொறிப்பும் அழியாது. மாறாக, மறைந்திருந்த பொறிப்பு வெளிப்படும்.

இந்தியாவில் .303 ரைபிள் தடைசெய்யப்பட்ட துளையளவைச் சேர்ந்தது. ஆதலால் தனி மனிதர் வீட்டில் இந்த வினா எழுவது அரிது. ஆனால் காவல் துறையினர் இதனை நெடுநாள் ஏந்தினர். 2008-இல் மும்பைத் தாக்குதலின்போது சில காவலர் கையில் இருந்ததும் இதுவே. உத்தரப் பிரதேசக் காவல் துறை 2020-ஆம் ஆண்டுக் குடியரசு நாளன்றுதான் இதற்கு விடைகொடுத்தது. பணி ஓய்ந்த ரைபிள்களில் சில காட்சிக்கூடங்களை அடைகின்றன. நாம் பார்த்த ஒரு கூடத்தில், கட்டைக்கு மேசை நாற்காலிக்குப் பூசும் வார்னிஷும், இரும்புக்கு வெள்ளிநிறப் பெயின்ட்டும் பூசி வைத்திருந்தனர். மதிப்பின் பொருட்டே அப்படிச் செய்தனர் என்பதில் ஐயமில்லை. ஆண்டும் சின்னமும் மட்டும் பெயின்ட்டின் அடியில் போய்விட்டன.

காக்கும் பொறுப்பு உடையோர் செய்ய வேண்டியவை சிலவே. முதலில் தோட்டா இல்லை என்பதைக் கண்ணாலும் விரலாலும் உறுதி செய்க. போல்ட்டில் உள்ள எண்ணும் உடலில் உள்ள எண்ணும் ஒன்றா என நோக்குக. ஒன்றன் போல்ட்டை மற்றொன்றில் மாற்றிப் போடலாகாது, அவை இணைத்துப் பொருத்தப்பட்டவை. கருந்துருவை விட்டுவிடுக. சிவந்த துரு பரவினால் எண்ணெயும் மென்மையான வெண்கல நார்ப்பஞ்சும் போதும். முற்றியதாயின், கழற்றிய உறுப்பைக் கொதிக்கும் தூய நீரில் இட்டால் சிவப்பு கறுப்பாக மாறும், இரும்பு குறையாது. கட்டையில் அடிபட்ட குழியை உப்புத்தாளால் சமன் செய்வதற்குப் பதில் அப்படியே விட்டுவிடுவது நன்று. உலர்ந்த கட்டைக்கு ஆளிவிதை எண்ணெயைச் சில துளிகள் உள்ளங்கையால் தேய்த்து, மிகுந்ததை ஒரு நாழிகைக்குள் துடைத்துவிட வேண்டும். செய்தது எதுவாயினும் தேதியோடு ஒரு சீட்டில் எழுதி ரைபிளுடன் வைத்தல் அவசியம். துடைத்த துணியைச் சுருட்டிக் குப்பையில் எறிதல் ஆகாது. ஆளிவிதை எண்ணெய் காய்கையில் வெப்பம் வெளிப்படும், சுருட்டிய துணி தானே தீப்பற்றிக்கொள்ளும். அதனை வெளியில் விரித்து உலர்த்துக, அல்லது நீரில் அமிழ்த்தி வைக்க.